வாரம் ஒரு வாய், அரையாண்டுக்கு ஒரு கரண்டி

வைட்டமின் ஏ குறைந்தால் கண் கெடும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்தக் குறைபாடு கண்ணோடு நின்றுவிடாமல், பேதி, தட்டம்மை, நிமோனியா போன்ற அன்றாடத் தொற்றுகளில் சிக்கும் குழந்தையின் உயிரையும் எடுத்துக்கொள்ளும் என்பதை எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வுகள் 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும்தான் வெளிவந்தன. அவற்றுள் மிகப் பெரிய பலனைக் காட்டிய ஆய்வு, திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை, அய்யலூர் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை போய்ச் சேரும் திருச்சி மாவட்டத்தின் சிற்றூர்களில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களால் நடத்தப்பட்டது. 1990-இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான அந்த ஆய்வு, உலக அளவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் கொள்கைக்கு வலுச்சேர்த்த சான்றுகளில் ஒன்றாக இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அந்த ஊர்களில் சோதிக்கப்பட்டது ஒன்று. அதன் பெயரைச் சொல்லி நாடெங்கும் தொடர்ந்தது வேறொன்று. இந்த வேறுபாடு போதிய அளவு பேசப்படவில்லை.

வைட்டமின் ஏ, விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடித்துக்கொள்ளும் நிறமிக்கு மூலப்பொருளாக இருப்பதால், அது குறையும்போது முதலில் தெரிவது மாலைக்கண்: பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும், தட்டில் இருக்கும் சோற்றைத் துழாவும். அடுத்த கட்டத்தில் வெள்ளை விழி ஈரப்பசை இழந்து வறண்டு, கருவிழியின் ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் ஒரு வெண்திட்டு தோன்றுகிறது. அதற்கு பைட்டாட் புள்ளி என்று பெயர். கடைசிக் கட்டத்தில் கருவிழியே மென்மையாகிக் கரைந்து போவதால் பார்வை மீளாமல் அழிந்துவிடுகிறது. இவை கண்ணில் தெரிபவை. கண்ணில் தெரியாத இன்னொரு பகுதி, மூச்சுக்குழாயையும் குடலையும் சிறுநீர்ப் பாதையையும் உள்ளிருந்து மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் நடக்கிறது. சளியைச் சுரந்து கிருமிகளை வழித்து வெளியேற்ற வேண்டிய அந்தச் சவ்வின் உயிரணுக்கள், வைட்டமின் ஏ இல்லாதபோது சுரப்பை நிறுத்தி, தோலைப்போல் கெட்டிப்பட்டு விடுகின்றன; நோய் எதிர்ப்பு அணுக்களின் செயலும் தளர்கிறது. தொற்று வந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது: பேதியில் உணவிலிருந்து வைட்டமின் உறிஞ்சப்படுவது குறைகிறது, காய்ச்சலில் இருப்பு வேகமாகச் செலவழிகிறது, சிறுநீர் வழியாகவும் வெளியேறுகிறது. குதிரில் கொட்டி வைத்த தானியம்போல் கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் வைட்டமின், ஒரு தட்டம்மைக்கே தீர்ந்து போகலாம்.

இந்த உறவை முதலில் ஊகித்தவர்கள் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய தலைமுறையினர். 1928-இல் இங்கிலாந்தில் கிரீன், மெல்லன்பி ஆகிய இருவரும் வைட்டமின் ஏ இல்லாத உணவில் வளர்த்த எலிகள் சீழ்த் தொற்றுகளில் மடிவதைக் கண்டு, இதைத் தொற்றை எதிர்க்கும் வைட்டமின் என்று அழைத்தனர். 1932-இல் லண்டனில் எலிசன் என்னும் மருத்துவர் தட்டம்மை கண்ட 600 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ நிறைந்த எண்ணெய்ச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். கொடுக்கப்பட்ட 300 பேரில் 11 பேரும், கொடுக்கப்படாத 300 பேரில் 26 பேரும் இறந்தனர். பின்னர் சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வந்தன. மேலை நாடுகளில் தட்டம்மையால் குழந்தைகள் இறப்பது அரிதாயிற்று. எலிசனின் கணக்கு நூலக அலமாரிகளில் ஐம்பது ஆண்டுகள் தூங்கியது.

தமிழகத்தில் இந்தக் குறைபாட்டைக் கவனித்தவர்கள் அதே காலத்தில் இருந்தனர். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ரைட், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழிக் கரைவைப் பற்றி 1920-களிலேயே எழுதியவர். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் சிறு அளவில் தொடங்கிய உணவாய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூர்க் கூடத்துக்கு 1935 முதல் தலைமை வகித்த ஐக்ராய்ட், ரைட்டோடு சேர்ந்து 1937-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, சிவப்புப் பாமாயிலைக் கொடுத்துக் கருவிழிக் கரைவைக் குணப்படுத்துவது பற்றியது. ஆப்பிரிக்கப் பனையின் பழச் சதையிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் தருவது கரோட்டின் என்னும் நிறமி; உடல் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. இந்தப் பாமாயில் கதை பின்னால் ஒரு திருப்பத்தோடு மீண்டும் வரும்.

சுதந்திரத்துக்குப் பின், ஹைதராபாத் நிறுவனம் ஒரு புதிய வழியைச் சோதித்தது. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குவதால், அன்றாடம் கொடுப்பதற்குப் பதிலாகப் பெருமளவை ஒரே தடவையில் கொடுத்துவிடலாம் என்பதே அதன் அடிப்படை. இதை வைத்து 1970-இல் இந்திய அரசு, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகு. அலகு என்பது வைட்டமின்களை அளக்கும் பன்னாட்டு அளவை; வைட்டமின் ஏ-வில் ஓர் அலகு 0.3 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்கில் பத்தில் மூன்று பங்கு. திட்டத்தின் நோக்கம் கண்ணைக் காப்பது மட்டுமே. உயிரைக் காக்கும் என்று அப்போது எவரும் உரிமை கொண்டாடவில்லை.

திட்டம் தாளில் இருந்தது, நோய் ஊரில் இருந்தது. மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த ஜி.வெங்கடசாமி, 1970-களின் தொடக்கத்தில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை ஏற்படுத்தினார். சத்துக் குறைவால் கண் கெட்ட குழந்தைகளைத் தாய்மார்களோடு சேர்த்து வைத்துப் பராமரித்து, உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சத்துணவு சமைக்கக் கற்றுக்கொடுப்பது அதன் பணி. ஓய்வு பெற்றபின் 1976-இல் அவர் நிறுவிய அரவிந்த் மருத்துவமனை கண்புரை அறுவைக்காகவே உலகப் புகழ் பெற்றது என்றாலும், குழந்தைகளின் வைட்டமின் குறைபாடு தொடக்கத்திலிருந்தே அதன் கவலைகளில் ஒன்றாக இருந்து வந்தது. கிராமத்துக்குள் இறங்கி ஆய்வு செய்யும் பழக்கமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில் கஸ்தூரிபா மருத்துவமனையும், பின்னர் கிராமச் சுகாதாரத்துக்கென்றே தனி நிறுவனமும் எழுந்தன. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுக்கும் முறையை முதலில் முயன்று பார்த்த இடம், நத்தத்தை ஒட்டிய கொட்டாம்பட்டி ஒன்றியம். அப்போது திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1985 செப்டம்பரில்தான் பிரிந்தது.

இந்தப் பின்னணியில் இந்தோனேசியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜாவாவில் குழந்தைகளின் கண்களைத் தொடர்ந்து பரிசோதித்து வந்த ஆல்பிரட் சாமர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், லேசான கண் வறட்சி மட்டுமே உடைய குழந்தைகள்கூட மற்றவர்களைவிட நான்கு மடங்கு அதிகமாக இறப்பதைக் கண்டு 1983-இல் எழுதினார். 1986-இல், சுமாத்ராவின் ஆச்சே பகுதியில் 450 ஊர்களில் பெரிய அளவு வைட்டமின் ஏ கொடுத்ததில் சிறு குழந்தைகளின் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார். மருத்துவ உலகம் இதை எளிதில் நம்பவில்லை. ஆச்சேயில் ஒப்பீட்டு ஊர்களுக்குப் போலி மருந்து தரப்படவில்லை. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐயத்துக்கு இடமில்லாத இன்னொரு சோதனை தேவைப்பட்டது.

அந்தச் சோதனையைத் திருச்சி மாவட்டத்தில் லட்சுமி ரஹ்மத்துல்லா, ஆர்.டி.துளசிராஜ் ஆகியோர், அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தைச் சேர்ந்த பார்பரா அண்டர்வுட் முதலானோரோடு இணைந்து வடிவமைத்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 15,419 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஊர்ப் பகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன: ஒரு பாதியில் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஒரு முறை 8,333 அலகு வைட்டமின் ஏ-வும் சிறிதளவு வைட்டமின் ஈ-யும் கலந்த எண்ணெய் வாயில் விடப்பட்டது, மறு பாதியில் வைட்டமின் ஈ மட்டும். கொடுப்பவருக்கோ பெறுபவருக்கோ எது எதுவென்று தெரியாது. வீட்டுக்கு வந்தவர் மருத்துவரோ செவிலியரோ இல்லை, அதற்கெனப் பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரத் தன்னார்வலர். அவர் மருந்தை வாயில் விட்டதோடு நில்லாமல், கடந்த வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஓராண்டு, 52 வாரம். வாரந்தோறும் நூற்றுக்கு 88 குழந்தைகளையாவது சந்திக்க முடிந்தது என்பதே ஒரு சாதனை. நாற்று நடவும் கடலைக் களையும் இருக்கும் நாள்களில் ஒரு வீட்டில் தாயும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் அகப்படுவது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆண்டு முடிவில் 125 குழந்தைகள் இறந்திருந்தனர். விபத்துகளை நீக்கினால் 117. அவற்றில் வைட்டமின் ஏ பெற்ற 7,764 குழந்தைகளிடையே 37, பெறாத 7,655 குழந்தைகளிடையே 80. இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும், நெடுநாள் பசியால் உயரம் குன்றியவர்களிடமும் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. பேதி, வலிப்பு, தொற்றின் பிற அறிகுறிகளோடு நேர்ந்த சாவுகளே குறைந்தவை.

அடுத்த ஆண்டு இதே குழு வெளியிட்ட இரண்டாவது கட்டுரை, முதல் கட்டுரையைவிடக் குறைவாகவே படிக்கப்பட்டது; ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. வாரந்தோறும் திரட்டிய குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் பேதி வந்த எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, மூச்சுத் தொற்று வந்த எண்ணிக்கையிலும் இல்லை, உயரமோ எடையோ கூடவும் இல்லை. குழந்தைகள் முன்போலவே நோயுற்றனர், ஆனால் பிழைத்துக்கொண்டனர். கிருமி வந்து சேரும் வழியை, அதாவது கிணற்றுத் தண்ணீரையும் வெளிமலங்கழிப்பையும் நெருக்கமான குடிசைகளையும், ஒரு வாய் எண்ணெய் மாற்றிவிட முடியாது. வந்து சேர்ந்த கிருமியோடு உடல் நடத்தும் போரின் முடிவை அது மாற்றியது. 1990-இலேயே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவமனையில் தட்டம்மையோடு சேர்க்கப்பட்ட 189 குழந்தைகளிடம் நடந்த சோதனையும் இதையே சொன்னது: இறந்த 12 பேரில் 10 பேர் போலி மருந்து பெற்றவர்கள். எலிசனின் பழைய கணக்கு அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நிலையான சிகிச்சை விதி.

ஒரே கூட்டுத்தொகை, இரு வேறு விளைவு

திருச்சி ஆய்வு வெளியான அதே 1990-இல், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த விஜயராகவனும் குழுவினரும் ‘லான்செட்’ இதழில் வேறொரு முடிவை வெளியிட்டனர். அவர்களும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தனர். கொடுத்த முறை மட்டும் அரசுத் திட்டத்தின் முறை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் அலகு. இறப்பில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆய்வுப் பணியாளர்கள் அடிக்கடி வீடுகளுக்குச் சென்றதாலேயே இரு பிரிவிலும் சாவு குறைந்து, வேறுபாடு மறைந்துவிட்டது என்ற விளக்கம் தரப்பட்டது. அப்படியானால் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்ற திருச்சியிலும் வேறுபாடு மறைந்திருக்க வேண்டுமே என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

இங்கே ஒரு சிறு பெருக்கல் உதவும். 8,333 அலகை 24 வாரத்துக்குப் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 2 லட்சம். ஆறு மாதத்தில் ஒரு குழந்தையின் உடலுக்குள் போகும் மொத்த அளவு இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது அது போகும் விதம். வாரத்துக்கு 8,333 அலகு என்பது நாளொன்றுக்குச் சுமார் 357 மைக்ரோகிராம். மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையென்று உணவியலாளர்கள் சொல்லும் 400 மைக்ரோகிராமை அது ஒட்டி நிற்கிறது. திருச்சி ஊர்களில் சோதிக்கப்பட்டது மருந்து என்பதைவிட உணவு என்பதே பொருந்தும்: நல்ல சாப்பாட்டில் கிடைத்திருக்க வேண்டிய அளவு, கிடைக்காத குழந்தைக்கு, விட்டுப் போகாமல் கொடுக்கப்பட்டது. ஒரே நாளில் 2 லட்சம் அலகைப் பெறும் உடல் அதில் ஒரு பகுதியைச் சேமிக்கிறது, ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. இரத்தத்தில் உயர்ந்த அளவு சில வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. நான்காம் மாதம் பேதி வரும் குழந்தைக்கு அந்தக் கரண்டியால் பயனிருக்கும் என்று உறுதி கூற முடியாது.

ஆயினும் கொள்கை வகுத்தவர்களுக்கு எல்லாச் சோதனைகளும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையாகத் தோன்றின. 1993-இல் பீட்டன் முதலியோர் ஆச்சே, திருச்சி, ஹைதராபாத், நேபாளம், கானா எனப் பல இடத்து முடிவுகளைக் கூட்டிச் சராசரி கண்டு, வைட்டமின் ஏ குழந்தை இறப்பை 23 விழுக்காடு குறைக்கும் என்றனர். அந்த 23 உலகெங்கும் முழக்கமாயிற்று. வாரம் ஒரு வாய் தந்த பெரும் பலன் அந்தச் சராசரிக்குள் கலந்து, அரையாண்டுக்கு ஒரு கரண்டிக்குச் சான்றாக நின்றது. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆண்டுக்கு 52 முறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப எந்த அரசாலும் இயலாது, இரண்டு முறை முகாம் நடத்த இயலும் என்ற நடைமுறைக் கணக்கே காரணம். இயலாததை இயலாது என்று சொல்லியிருக்கலாம். இயன்றதற்கு இயலாததின் சான்றைக் காட்டியதுதான் குறை.

அந்தக் கரண்டியின் பலனைப் பெரிய அளவில் அளந்த சோதனை உத்தரப்பிரதேசத்தில் நடந்தது. 72 ஒன்றியங்களில், அங்கன்வாடிகள் வழியாக, சுமார் 10 லட்சம் குழந்தைகள்; மருத்துவ வரலாற்றின் மிகப் பெரிய குலுக்கல் முறைச் சோதனைகளில் ஒன்று. 2004-இல் களப்பணி முடிந்த அந்த ஆய்வின் முடிவு 2013-இல்தான் ‘லான்செட்’டில் வந்தது. இறப்பில் குறைவு 4 விழுக்காடு. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடிய அளவு. சாமர் உள்ளிட்டோர் மருந்து உண்மையிலேயே குழந்தைகளின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஐயம் எழுப்பினர். போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அரசு இயந்திரம் வழியே கொடுத்தால் கிடைக்கும் பலன் எவ்வளவு என்பதற்கு அதுவும் ஒரு விடைதானே. 2017-இல் அதையும் சேர்த்துக் கூட்டிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் 23 என்பது 12 விழுக்காடாக இறங்கியது.

அளவு மிகுந்தால் வைட்டமின் ஏ நஞ்சாகும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001 நவம்பரில் அசாம் மாநிலத்தில் நடந்த பெருமுகாமில், வழக்கமான 2 மில்லிலிட்டர் கரண்டிக்குப் பதிலாக 5 மில்லிலிட்டர் கிண்ணம் கொடுக்கப்பட்டிருந்தது. முகாமுக்குப் பின் குழந்தைகள் நோயுற்றதும் சிலர் இறந்ததும் நாடு தழுவிய சர்ச்சையாயின. சேலத்தில் பிறந்து, ஹைதராபாத் நிறுவனத்தை நீண்டகாலம் வழிநடத்தி, இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தலைமகனாக மதிக்கப்பட்ட சி.கோபாலன், இந்தப் பெருமளவு மருந்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நிரந்தரமாக்குவதைத் தம் இறுதிக்காலம் வரை எதிர்த்தார். அது இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது, உணவு வந்ததும் விலக வேண்டியது என்பது அவர் நிலை.

பிறந்த இரண்டு நாளுக்குள்

மதுரைக் குழு இதோடு நிற்கவில்லை. பிறந்த குழந்தையின் கல்லீரலில் வைட்டமின் ஏ இருப்பு மிகச் சொற்பம். தாய்க்கே குறைபாடு இருந்தால் தாய்ப்பாலிலும் அது குறைவு. எனவே பிறந்தவுடனேயே கொடுத்தால் என்ன என்ற கேள்வியோடு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டீல்ஷ், ஜோன் கட்ஸ் ஆகியோருடன் இணைந்து, தமிழகத்தின் இரண்டு கிராமப்புறப் பகுதிகளில் 11,619 பச்சிளங் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் இரு நாள்களில் தலா 24,000 அலகு அல்லது போலி மருந்து கொடுக்கப்பட்டது. எந்த வீட்டில் எப்போது வலி எடுக்கும் என்று காத்திருந்து, பிரசவமான செய்தி கிடைத்து, இரண்டு நாள் கழிவதற்குள் போய்ச் சேர வேண்டிய பணி அது. குறித்த நாளில் வீடு தேடிப் போகும் வாராந்தரச் சுற்றைவிடப் பன்மடங்கு கடினம். 2003-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட முடிவு: இறப்பு 22 விழுக்காடு குறைவு, அந்தக் குறைவு முழுவதும் இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையே. 2007-இல் வெளியான தொடர் கட்டுரையில் பழைய வடிவமே திரும்ப வந்தது. நோய்கள் வருவது குறையவில்லை. வந்த நோயில் சாவது குறைந்தது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்னும் கிருமி குழந்தையின் மூக்குத் தொண்டையில் குடியேறுவது தள்ளிப்போனதையும் இதே குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் கண்டறிந்தனர்.

இந்த ஒரு களப்பணி தந்த கிளைச் செய்திகள் மூலச் செய்திக்குச் சளைத்தவை அல்ல. கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் மாலைக்கண் இருந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எடை குறைந்தும், நோய் மிகுந்தும், வளர்ச்சி குன்றியும் காணப்பட்டன. கர்ப்பகால மாலைக்கண்ணை ‘மசக்கையோடு வருவது, பெற்றால் போய்விடும்’ என்று ஒதுக்கும் வீடுகளுக்கு அது வெறும் கண் சங்கதி இல்லை என்று காட்டிய முடிவு இது. விறகும் சாணி வறட்டியும் எரியும் வீட்டுப் புகையால் பச்சிளங் குழந்தைகளுக்கு நேரும் கேடும், பிறந்து ஒருநாள் கடந்தபின் தாய்ப்பால் தொடங்கினால் சாவுக்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுவதும் இதே பதிவுகளிலிருந்தே எழுதப்பட்டன. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் கொடுத்த வழக்கத்துக்கு எதிராக இதைவிட உறுதியான உள்ளூர்ச் சான்று இல்லை.

பச்சிளங் குழந்தைகளுக்கான வைட்டமின் ஏ மட்டும் கொள்கையாகவில்லை. வங்கதேசத்தில் பலன் தெரிந்தது. ஜிம்பாப்வேயிலும் கினி-பிசாவிலும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. 2015-இல் ஹரியானா, கானா, தான்சானியா ஆகிய மூன்றிடத்திலும் சேர்த்து 99,938 குழந்தைகளிடம் நடந்த சோதனைகளில், ஹரியானாவில் பத்து விழுக்காடு குறைவு போல ஒன்று தெரிய, ஆப்பிரிக்க நாடுகளில் பலன் எதுவும் இல்லாமல் முடிந்தது. தாய்மார்களின் குறைபாடு மிகுந்த தெற்காசியாவில் பலனளிப்பது, குறைபாடு அவ்வளவு இல்லாத இடத்தில் பலனளிக்காது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். ஒரு சோதனையின் முடிவு, அது நடந்த மண்ணுக்கும் காலத்துக்கும் உரியது.

காலம் என்பதை இன்றைய வடமதுரை வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். திருச்சி ஆய்வு நடந்தபோது தட்டம்மைத் தடுப்பூசி இந்தியத் திட்டத்தில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயிரம் பிறப்புக்கு 1991-இல் 57 ஆக இருந்த தமிழகத்தின் ஒரு வயதுக்குட்பட்டோர் இறப்பு 2020-இல் 13. தட்டம்மை அரிதாகிவிட்டது, பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தாய்மார்களுக்குத் தெரியும், கருவிழி கரைந்த குழந்தையை இன்றைய இளம் மருத்துவர் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார். 2016 முதல் 2018 வரை நாடு முழுவதும் நடந்த விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பை அலசி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினரும் ஹர்ஷ்பால் சச்தேவ், அனுரா குர்பாத் ஆகியோரும் 2021-இல் வெளியிட்ட கட்டுரை, தொற்று இருக்கும்போது இரத்தத்தில் வைட்டமின் ஏ தற்காலிகமாக இறங்கிக் காட்டும் பிழையைத் திருத்தியபின், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 15.7 விழுக்காட்டினருக்கே குறைபாடு என்று கண்டது. 20 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக வரையறை.

ஆனாலும் கரண்டி நிற்கவில்லை. ஒன்பதாம் மாதம் 1 லட்சம் அலகில் தொடங்கி, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சமாக, ஐந்து வயதுக்குள் ஒன்பது தவணை, மொத்தம் 17 லட்சம் அலகு. முகாம் நாளில் பால்வாடியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் மஞ்சள் திரவத்தைக் கரண்டியில் ஊற்றி வாயில் விடுகிறார். கசப்பும் எண்ணெய்ப் பிசுக்குமாக அது நாக்கில் ஒட்டுவதால் பாதிப் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க, சிலது துப்பியும் விடுகின்றன. நூற்பாலையில் பகல் ஷிப்டுக்குப் போன தாய்க்குப் பதிலாக அப்பாயி கூட்டி வந்த பிள்ளைக்குச் சென்ற முறை கொடுத்தார்களா என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். வேடசந்தூரையும் வடமதுரையையும் சுற்றிய ஆலைகளில் வேலை பார்க்கும் இளம் பெண்களின் வீடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஊட்டுவது பெரும்பாலும் பாட்டியின் பொறுப்பு என்பதை எந்த ஊட்டச்சத்துப் பரப்புரையும் இன்னும் முழுதாகக் கணக்கில் கொள்ளவில்லை.

திருச்சி ஆய்வின் உண்மையான பாடம் உணவு என்றால், அந்த உணவு இந்த மண்ணில் கண்முன் நிற்கிறது. குஜிலியம்பாறை, அரவக்குறிச்சிப் பக்கத்து மானாவாரிக் காடுகளின் முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம் சந்தை வழியாக வெளியூர்களுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. முருங்கை ஏற்றுமதி மண்டலமாகத் தமிழக அரசு அறிவித்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. இலையைக் காய வைத்துப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கோபாலன் முதலியோர் தொகுத்த உணவு அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக் கீரையில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின் இருக்கிறது. அதில் எட்டில் ஒரு பங்குதான் வைட்டமின் ஏ-வாக மாறும் என்று கொண்டாலும் 50 கிராம் இலை ஒரு குழந்தையின் ஒருநாள் தேவைக்குப் போதும். ஆனால் கணக்கு இவ்வளவு எளிதாக முடிவதில்லை. கரோட்டின் குடலில் ஏற எண்ணெய் வேண்டும்; குடற்புழுவும் ஓயாத பேதியும் அதைத் தடுக்கும்; எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கீரை கொடுத்தால் வயித்தால போகும், மாந்தம் வரும்’ என்று இரண்டு வயது வரை பிள்ளைக்குக் கீரையே காட்டாத வீடுகள் ஏராளம். மசித்த பருப்புச் சோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு ஒரு பிடி இலையைச் சேர்ப்பது செலவில்லாத காரியம். அதைத் தயக்கமின்றிச் செய்ய வைக்க, முகாமைவிட, வாராவாரம் வந்து பேசிய அந்தத் தன்னார்வலரின் வேலைதான் தேவைப்படும்.

இதற்கிடையே பாமாயில் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் கிடைக்கும் பாமாயில், சுத்திகரித்து, நிறம் நீக்கி, மணம் நீக்கியது. ஐக்ராய்டும் ரைட்டும் மருந்தாகப் பயன்படுத்திய கரோட்டின் அந்த நிறம் நீக்கலில் போய்விடுகிறது. போனதற்கு ஈடாக, ஆலையில் வைட்டமின் ஏ-வும் டி-யும் கலந்து பாக்கெட்டில் அடைக்கிறார்கள். சுற்று வழிதான்; ஆனால் வாரத்தில் பல நாள் தாளிப்பிலும் வறுவலிலும் சிறுகச் சிறுக உள்ளே போகும் அந்த வைட்டமின், திருச்சியின் வாராந்தர அளவுக்கு அரையாண்டுக் கரண்டியைவிட நெருக்கமான உறவு. செறிவூட்டிய பாலும் சத்துமாவும் இதோடு சேர்கின்றன. கரண்டி, எண்ணெய், பால், மாவு ஆகிய நான்கிலிருந்தும் ஒரே குழந்தைக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்க்கும் பதிவேடு எதுவும் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இல்லை. இவை அனைத்தும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறினால் பாதுகாப்பான உச்ச அளவைத் தாண்டும் குழந்தைகள் கூடிவிடுவார்கள் என்பது 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையின் எச்சரிக்கைகளில் ஒன்று. ஆலைக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் போதாமல் இருக்கிறதா, கடைவீதிப் பிள்ளைக்கு ஏற்கெனவே மிஞ்சிவிட்டதா என்பதை வீடு வீடாகப் போய் அளக்கும் அடுத்த ஆய்வுக்கு வேண்டிய களப்பழக்கமும் பெயர்பெற்ற நிறுவனங்களும் மதுரைக்கும் காந்திகிராமத்துக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கின்றன.